பேய்ப் படத்தில் கேமரா யார் பக்கம்?

சேத்தியாத்தோப்பில் நாங்கள் படம் பார்த்த டூரிங் கொட்டகையில் மணல் தரையை இரண்டாகப் பிரித்து இடுப்புயரச் சுவர் ஒன்று இருக்கும். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். 1990இல் வந்த ‘13ஆம் நம்பர் வீடு’ எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பயமான காட்சி வரப்போவதை இசையை வைத்தே கண்டுபிடித்து, எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். “போயிடுச்சாடி?” என்று ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் விரலிடுக்கில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசில் பறந்தது.

படம் விட்டதும் ஆண்கள் டீக்கடைக்குப் போனார்கள். நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, டார்ச் லைட்டோடு மாமா முன்னால் நடக்க, வீடு வந்து சேர்ந்தோம். வடக்கே நெய்வேலிச் சுரங்கத்தின் வெளிச்சத்தில் வானம் மங்கலாகச் சிவந்திருந்தது. வழியில் இருந்த புளியமரத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் அன்று பார்த்த படம் இல்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அந்த மரத்தடியில்தான் சின்ன அத்தைக்குப் பேயோட்டினார்கள். அத்தை புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தார். அவர்மேல் அங்கே சந்தேகம். வந்த பிறகு பேச்சில்லை, சாப்பாடில்லை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தனியாகச் சிரித்தார். உடுக்கைச் சத்தத்தில் தலையை விரித்துப்போட்டு உட்கார வைத்து, வேப்பிலையால் அடித்து, “யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இவள புடிச்ச?” என்று கேட்டார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குனிந்து அவரைப் பார்த்தார்கள். நான் பெரியவர்களின் கால்களுக்கு இடையில் நின்றிருந்தேன். அத்தையின் முகமும் என் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். மேலே நின்றவர்கள் என்ன பார்த்தார்களோ தெரியாது. எனக்குத் தெரிந்தது, களைத்துப்போன ஒரு முகம். கடைசியில் உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து மரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள்.

பிறகு எத்தனையோ பேய்ப் படங்களில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் கேமரா நிற்பவர்களின் உயரத்தில்தான் இருக்கிறது. கீழே கிடப்பவளின் உயரத்துக்கு அது இறங்குவது அபூர்வம். தமிழ்ப் பேய்ப் படங்களின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: கேமரா யார் பக்கம் நிற்கிறது?

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு நீளமான நடை. கடைசியில் ஒரு கதவு. நடுவில் ஒரு பெண். கேமராவைக் கூரையில் வைத்துக் கீழ்நோக்கி எடுத்தால், அது டாப் ஆங்கிள். அவள் சிறுத்துப்போகிறாள். தலைக்கு மேலே இருந்து ஏதோ பார்ப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது, அவளுக்கு அது தெரியாது. அதே கேமராவைத் தரையில் வைத்து அண்ணாந்து எடுத்தால், அது லோ ஆங்கிள். இப்போது அவள் உயர்ந்து நிற்கிறாள், நாம் அவளைக் கண்டு பயப்படுகிறோம். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் தரையும் சுவரும் நேராக நிற்காது. பார்க்கிற நம் உடம்பே தடுமாறும். க்ளோசப்பில் முகம் திரையை அடைத்துக்கொள்வதால் அவள் தோளுக்குப் பின்னால் இருப்பது மறைந்துவிடும். அவளைத் திரையின் ஓரத்தில் நிறுத்தி மீதியை இருட்டாக விட்டால், நம் கண் அவளை விட்டுவிட்டு இருட்டைத் துழாவும்.

இவற்றிலெல்லாம் வலுவானது ஒன்று உண்டு. கேமராவையே ஒருவரின் கண்ணாக்கி, அவர் பார்ப்பதை மட்டும் நமக்குக் காட்டுவது. கதவிடுக்கின் வழியே, திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து, மூச்சு வாங்கும் சத்தத்தோடு அவளை யாரோ பார்க்கிறார்கள். அந்த யாரோவின் கண்ணை டிக்கெட் வாங்கிய நாம் எல்லோரும் கடன் வாங்கிக்கொள்கிறோம். அவள் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்.

1960இல் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் காட்சி உலகமெங்கும் திரைப்படக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அதை எடுக்க ஏழு நாள் ஆனது. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கேமராவை வைத்து எடுத்தார்கள். கத்தி உடம்பில் இறங்குவதை நாம் ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை. துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய ஷாட்டுகளில் நம் மனம்தான் குத்துகிறது. அந்தப் பாடத்தில் ஹிட்ச்காக்கின் திறமையைப் பேசுவார்கள். துண்டு துண்டாகிற உடம்பு ஏன் குளிக்கிற பெண்ணின் உடம்பாக இருந்தது என்ற கேள்வியைப் பிற்பாடு பெண்கள்தான் எழுப்பினார்கள். திரைப்படத்தில் பார்ப்பவர் ஆணாகவும் பார்க்கப்படுபவர் பெண்ணாகவுமே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 1975இல் லாரா மல்வி எழுதிய கட்டுரை இந்த விவாதத்தில் ஒரு திருப்பம்.

நம் ஊரில் இந்தப் பார்வை சினிமாவுக்கு முன்பே இருந்தது. பழையனூர் நீலியின் கதையை நினைத்துப் பாருங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் நீலி. அவள் பேயாகி, மறுபிறவி எடுத்தவனைத் தேடி வருகிறாள். கையில் குழந்தையோடு ஊர்ச்சபையின் முன் நின்று, இவன் என் புருஷன் என்று அழுகிறாள். வேளாளர்கள் அவளை நம்பி அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் சாகிறான். அவன் உயிருக்கு வாக்குக் கொடுத்திருந்த எழுபது வேளாளர்களும் தீயில் இறங்குகிறார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் வழங்கும் இந்தக் கதையிலிருந்து தமிழுக்கு ஒரு சொல் கிடைத்தது: நீலிக்கண்ணீர். பொய்யழுகை என்று பொருள். கொலையுண்ட பெண்ணின் அழுகை பொய்யானது எப்படி? கதையைச் சொன்னவர்கள் சபையோடு நின்று அவளைப் பார்த்ததால்தான். நீலியின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தச் சொல்லே பிறந்திருக்காது.

தமிழில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய முதல் படம் 1951இல் வந்த ‘மர்மயோகி’. எம்.ஜி.ஆர். நடித்தது, கே. ராம்நாத் இயக்கியது. ராம்நாத் கேமரா பிடித்துப் பழகி இயக்கத்துக்கு வந்தவர். அந்தச் சான்றிதழுக்குக் காரணம் படத்தில் வந்த ஆவிக் காட்சிகள். ஆனால் அந்த ஆவி பெண் இல்லை. அரசனைக் கொன்றுவிட்டதாக நம்பி ஆட்சியைப் பிடித்தவள் ஊர்வசி, நடித்தவர் அஞ்சலிதேவி. செருகளத்தூர் சாமா நடித்த அரசன் சாகவில்லை. ஆவியைப்போல் தோன்றித் தோன்றி அவளை நடுங்கவைக்கிறான். அதாவது, நம் திரையின் முதல் பெரிய பேய்ப் பயம், அரியணையில் உட்கார்ந்த ஒரு பெண்ணுக்கு ஆண் காட்டிய பூச்சாண்டி. அவள் கொலைகாரி, தண்டனை நியாயம் என்று படம் நமக்குச் சொல்லிவிடுகிறது. அதனால் அவள் அலறும்போது நாம் அவளோடு சேர்ந்து பயப்படுவதில்லை, வேடிக்கை பார்க்கிறோம்.

அறுபதுகளில் வெள்ளைப் புடவை வந்துவிட்டது. ராஜ் கோஸ்லாவின் இந்திப் படம் ‘வோ கௌன் தி?’ 1964இல் வெளியானது. அதைத் தழுவி 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த ‘யார் நீ?’ வந்தது. மழை இரவு, சாலையில் தனியாக நிற்கும் பெண், காரை நிறுத்தும் ஆண். கடைசியில் பேயே இல்லை என்று தெரிகிறது. சொத்துக்காகப் பின்னிய சதி அது. படம் அவிழ்த்துச் சொன்ன முடிச்சை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலும் மட்டும் தங்கிவிட்டன. இரவில் தனியாக நிற்கிற பெண் பயப்பட வேண்டியவள் என்று அந்தக் காட்சி நமக்குக் கற்றுக்கொடுத்தது. அவள் ஏன் தனியாக நிற்கிறாள், அவளுக்குப் பயமில்லையா என்று காருக்கு வெளியே இருந்து கேட்கும் கேமரா அன்று இல்லை. என் அத்தையிடம் பூசாரி கேட்ட கேள்வியும் இந்தப் படத்தின் தலைப்பும் ஒன்று என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் கவனித்தேன்.

அதே காலத்தில் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) வேறொரு வழியில் போனது. பாழடைந்த ஜமீன் பங்களாவுக்குள் நாயகன் நுழைகிறான், முற்பிறவி நினைவு வருகிறது. ஜமீன் வீட்டுப் பையன் காதலித்த எளிய குடும்பத்துப் பெண்ணை அவன் அப்பாவே கொன்றார் என்பது அந்த நினைவு. இங்கே பயம் பெண்ணிடமிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வருகிறது. ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட் அடுத்த ஆண்டே வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தில் ‘பார்கவி நிலையம்’ (1964) என்ற மலையாளப் படத்தை இயக்கினார். அதில் வீட்டில் குடிவரும் எழுத்தாளன் அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் பெண்ணிடம் பேசிக்கொண்டே இருக்கிறான், அவள் கதையை எழுதுகிறான். அவளை ஓட்டவேண்டும் என்று நினைப்பதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இப்படியும் ஒரு பேய்ப் படம் எடுக்க முடிந்திருக்கிறது.

1978ஆம் ஆண்டைத் தனியாகப் பார்க்கவேண்டும். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ அந்த ஆண்டு வந்தது, ஒளிப்பதிவு பி.எஸ். நிவாஸ். கமல்ஹாசன் நடித்த திலீப் பெண்களை வீட்டுக்கு அழைத்து வந்து கொல்கிறான், தோட்டத்தில் புதைக்கிறான், மேலே ரோஜா பூக்கிறது. அவன் செய்வது படமாக்கப்படுகிறது, அதை அவனை வளர்த்தவர் உட்கார்ந்து பார்க்கிறார். இந்த இடத்தில் படம் தன்னையும் அறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. பெண் சாவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பார்வையாளர் உட்கார்ந்திருக்கிறார். கொட்டகையில் இருக்கும் நமக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரைதான். ஆனால் படம் அந்தக் கேள்வியிலேயே நிற்கவில்லை. சிறுவயதில் பெண்களால் ஏமாற்றப்பட்டவன் என்று பின்கதை சொல்லி அவனுக்கு நம் இரக்கத்தை வாங்கித் தருகிறது. கொலையுண்ட பெண்களுக்குப் பின்கதை கிடையாது. ஸ்ரீதேவி நடித்த சாரதாவுக்கு உண்மை தெரிந்த பிறகுதான் கேமரா இடம் மாறி அவளோடு ஓடத் தொடங்குகிறது.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ‘ஹாலோவீன்’ வெளியானது. அதன் தொடக்கக் காட்சி முழுக்க ஒரு கொலைகாரனின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. முகமூடியின் இரண்டு ஓட்டைகள் வழியே நாம் பார்க்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் கரோல் குளோவர் இத்தகைய படங்களை ஆராய்ந்து, கொலைகாரனின் கண்ணில் தொடங்கும் கேமரா, முடிவில் எஞ்சும் ஒரே பெண்ணின் கண்ணுக்கு மாறிவிடுவதைக் காட்டினார். ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்திலும் நடப்பது அதுதான். ஆனால் அந்த ஒருத்திக்குக் கண் கிடைப்பதற்குள் மற்றவர்கள் எல்லோரும் செத்துப்போகிறார்கள்.

1978இல் வந்த இன்னொரு படம் ‘ஆயிரம் ஜென்மங்கள்’. துரை இயக்கியது, ரஜினிகாந்த், லதா, விஜயகுமார், பத்மப்பிரியா நடித்தது. கணவனின் இறந்துபோன காதலி மனைவியின் உடம்பில் புகுந்துகொள்கிறாள். அண்ணன் தங்கையை மீட்கப் போராடுகிறான். இதன் மூலம் 1976இல் வந்த ‘யக்ஷகானம்’ என்ற மலையாளப் படம். அதை இயக்கியவர் நடிகை ஷீலா. தமிழில் இன்றுவரை வந்துகொண்டிருக்கும் ‘ஒரு பெண்ணுக்குள் இன்னொரு பெண்’ கதைகளின் முன்னோடிகளில் ஒன்றை ஒரு பெண் இயக்கினார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? தமிழில் பெண் கையில் கேமரா வர இன்னும் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1985இல் ‘சின்ன வீடு’ படத்துக்கு பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவு செய்தார்.

உடம்புக்குள் இன்னொருத்தி என்ற கதை 2005இல் ‘சந்திரமுகி’யாக உச்சத்துக்குப் போனது. 1993இல் வந்த மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் மறு ஆக்கம் அது. கங்கா ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்கும் காட்சியை மறந்தவர்கள் யாருமில்லை. ஜோதிகாவின் விரிந்த கண்களும் அண்ணாந்து பார்க்கும் கேமராவும் சேர்ந்து, வீட்டுக்கு வந்த சாதாரண மருமகளைச் சில நொடிகளில் வேறு யாரோவாக மாற்றிவிடுகின்றன. இதில் எனக்கு உறைப்பது வேறொன்று. மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். தமிழுக்கு வந்ததும் சந்திரமுகி தெலுங்கு பேசுகிறாள். 2007இல் இந்திக்குப் போனதும் வங்காளம் பேசுகிறாள். எந்த ஊரில் எடுத்தாலும் பயமுறுத்தும் பெண் பக்கத்து மொழிக்காரி, ஆடுகிறவள். அவள் கோபம் நியாயமானது என்று கதைக்கே தெரியும். வேட்டையன் அவள் காதலனைக் கொன்று அவளையும் எரித்தவன். ஆனாலும் அவள் போய்த்தான் ஆகவேண்டும், கங்கா பழைய கங்காவாகத் திரும்பவேண்டும். புளியமரத்தடியில் கேட்ட “போறியா, போறியா?” இங்கே பெரிய செட் போட்டு நடக்கிறது.

2009இல் அறிவழகனின் ‘ஈரம்’ வந்தபோது நான் அதைச் சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். பாதிப் படத்தில் எனக்கு உடம்பு நடுங்கியது, பயத்தால் அல்ல. ரம்யாவை அடுக்குமாடி வீட்டின் குளியல் தொட்டியில் பிணமாகக் கண்டெடுக்கிறார்கள். தற்கொலை என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் அவளைக் கொன்றது சந்தேகம். அக்கம்பக்கத்தவர் அவளைப் பற்றிப் பேசிய பேச்சு, அதை நம்பிய கணவன். மனோஜ் பரமஹம்சாவின் கேமரா நிறத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மழையும் ஈரச்சுவரும் சொட்டும் குழாயுமாக வீட்டை நிரப்புகிறது. பேய்க்கு உருவமே தேவைப்படவில்லை. தண்ணீர் நகர்கிறது, கேமரா அதன் பின்னால் தாழ்வாக நகர்கிறது. அதைப் பார்த்து நாம் பயப்படவில்லை, அது போய்ச் சேரவேண்டும் என்று நினைக்கிறோம். அவதூறு பேசியவர்கள்தான் பயப்படுகிறார்கள். என் அத்தையைப் பற்றி ஊரில் பேசியவர்களின் முகங்கள் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

பிறகு பேய்க்கும் நகைச்சுவைக்கும் கல்யாணம் நடந்து ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ என்று வரிசையாக வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த வரிசைக்கு நடுவில் மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) தனியாக நின்றது. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பவானி, தன்னைத் தூக்கிப்போனவனின் கையைப் பிடித்தபடியே சாகிறாள். அவன் வீட்டுக்கு வந்த பிசாசை ஓட்ட அவனும் பூசாரிகளைக் கூப்பிடத்தான் செய்கிறான். கடைசியில் அவள் யாரையும் துன்புறுத்த வரவில்லை என்று தெரிகிறது.

அஷ்வின் சரவணனின் இரண்டு படங்கள் என் கேள்விக்கு மிக நெருக்கமாக வந்தன. ‘மாயா’வில் (2015) நயன்தாரா கைக்குழந்தையோடு தனியாக வாழும் நடிகை. பணத்துக்காக, ஒரு பேய்ப் படத்தை நள்ளிரவில் தியேட்டரில் தன்னந்தனியாக உட்கார்ந்து பார்க்க ஒப்புக்கொள்கிறாள். ஒரு பெண் பேய்ப் படம் பார்ப்பதையே கேமரா பார்க்கிறது. முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள அவளுக்கு வழியில்லை. அவள் பார்த்தாகவேண்டும். திரையில் இருக்கும் பேயோ குழந்தையைத் தேடி அலையும் ஒரு தாய்.

காவ்யா ராம்குமாரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘கேம் ஓவர்’ (2019) தொடங்கும்போதே கொலைகாரனின் கண்ணுக்குள் நம்மை உட்கார வைக்கிறது. ஒரு பெண்ணை அவள் வீட்டுக்கு வெளியே இருந்து ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு படம் அந்தக் கண்ணை நம்மிடமிருந்து பிடுங்கி, சக்கர நாற்காலியில் இருக்கும் ஸ்வப்னாவிடம் கொடுத்துவிடுகிறது. டாப்ஸி நடித்த ஸ்வப்னா ஏற்கெனவே ஒரு பாலியல் வன்முறையிலிருந்து மீளாமல் இருப்பவள். இருட்டைக் கண்டால் அவளுக்கு மூச்சடைக்கிறது. கேமரா அவள் உட்கார்ந்திருக்கும் உயரத்திலேயே உருண்டு போகிறது. வீட்டில் உடனிருக்கும் கலாம்மாவும் அவளும் சேர்ந்து போராடுகிறார்கள்.

போன பொங்கலுக்கு அக்கா மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். விஸ்காம் படிக்கிறாள். “சித்தி, ஒரு எக்ஸர்சைஸ் இருக்கு, கூட வா” என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை இருட்டும் நேரத்தில் என்னை நடக்கவிட்டு மூன்று முறை செல்போனில் எடுத்தாள். முதல் முறை ஒரு மாடியிலிருந்து. இரண்டாம் முறை எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்துகொண்டே. மூன்றாம் முறை போனை என் கையில் கொடுத்து, “நீ பாக்கறத நீயே எடு” என்றாள். வீட்டுக்கு வந்து மூன்றையும் பார்த்தோம். முதல் இரண்டும் பேய்ப் படம்தான். ஏதோ நடக்கப்போகிறது, எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதைப் பார்த்து இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. கேமரா பாதையில் நிற்கவே இல்லை. டீக்கடையில் நின்றவர்களைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குத் திரும்பியது. பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் பின்னால் திரும்பியது. தெருவிளக்கு எரியாத இடத்தில் வேகம் கூடியது. நாற்பத்தைந்து வயதைக் கடந்த நான், நாற்பது வருடமாக நடக்கும் தெருவில், இதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அன்று ராத்திரி டிவியில் ஏதோ ஒரு பேய்ப் படம். வேப்பிலை, உடுக்கை, தலைவிரித்த பெண், மேலேயிருந்து பார்க்கும் கேமரா. சின்ன அத்தை கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேனலை மாற்ற ரிமோட்டைத் தேடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். “இத்தன பேரு நிக்கறாங்களே, அவளுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கணும்னு ஒருத்தருக்காச்சும் தோணுச்சா பாரு” என்றார்.

அக்கா மகள் கீழே இறங்கி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். “அப்ப என்ன ஆயா நடந்துச்சு?” என்று கேட்டாள். அத்தை கீரையைக் கீழே வைத்தார்.